பேசாத பதிப்பு

“நிலையானது எது, அம்மா?”

இந்தக் கேள்வியோடுதான் ஏகாம்பரம் சிறுமலை அடிவாரத்துக்கு வந்தார். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு பையோடு.

அங்கே பலரும் மனக் குறையோடு தேடி வரும் மரகதம் அம்மா அவரைவிட வயதில் இளையவர். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. கேள்வி வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

“என்ன வேலை பார்த்தீங்க?”

“கம்ப்யூட்டர் கம்பெனியில, அம்மா.”

“நல்லதாப் போச்சு. என் கம்ப்யூட்டர்ல நேத்துலேர்ந்து ஒரு பக்கம் திறக்க மாட்டேங்குது. என்னன்னு பாருங்க.”

ஏகாம்பரத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. எதை விட்டு ஓடி வந்தாரோ அதன் முன்னாலேயே உட்கார வேண்டியதாயிற்று.

அது வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் எழுதும் பக்கம். ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது. அவர்கள் எழுதுவதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். அம்மா ஹெட்போனில் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் தட்டுவார்.

இப்போது அந்தப் பக்கத்துக்குப் பதிலாக ஒரே ஒரு வரிதான் வந்தது.

‘உங்கள் பிரவுசர் மிகவும் பழையது.’

“பிரவுசர் மட்டுமில்லை அம்மா, கம்ப்யூட்டரே பழசு. உள்ள இருக்கற விண்டோஸ் அதைவிடப் பழசு. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்.”

“இந்தக் குரல் அதுல பேசுமா?”

“இது பேசாது. வேற குரல் இருக்கு.”

“இந்தக் குரல் எவ்வளவு வேகமாப் படிச்சாலும் எனக்குப் புரியும். புதுக் குரல் காதுக்குப் பழகணும். அதுவரைக்கும் எழுதறவங்களைக் காத்திருக்கச் சொல்லலாமா?”

ஏகாம்பரம் விசைப்பலகைப் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு ஏத்ததா ஒரு பிரவுசர் பாருங்க. ஓசூர்லேர்ந்து சுகந்தின்னு ஒரு பொண்ணு எழுதுவா. பிரசவம் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகுது. மத்தியானம் குழந்தை தூங்கும்போது எழுதுவா.”

*

ஏகாம்பரம் பிரவுசரின் இருப்பதிலேயே புதிய பதிப்பை இறக்கினார்.

இந்த இயங்குதளத்தில் நிறுவ முடியாது என்று அது சொல்லிவிட்டது.

இணையத்தில் தேடினார். யாரோ ஒருவர் அதே புதிய பதிப்பைப் பழைய கம்ப்யூட்டர்களுக்கு என்று மாற்றிப் போட்டிருந்தார். அது நிறுவிக்கொண்டது. பக்கமும் திறந்தது. ஏகாம்பரத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

“வந்திருச்சு அம்மா. பளிச்சுன்னு இருக்கு.”

அம்மா ஹெட்போனை மாட்டினார். ஒரு விசையை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார்.

“எங்க வந்திருக்கு?”

“திரையில அம்மா.”

அம்மா ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

“பேச வைக்கலாம் அம்மா. கொஞ்சம் நேரம் குடுங்க.”

“இதைச் செஞ்சது யாரு?”

“பேர் தெரியாது. யாரோ ஒருத்தர்.”

“இதுல எழுதறதை அவர் படிப்பாரா?”

“படிக்க மாட்டார்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

“தெரியாது.”

“எடுத்துடுங்க.”

எடுத்தார். அதற்குப் பதிலாக மிகப் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டார். குரல் கணீரென்று பேசியது. பக்கம்தான் திறக்கவில்லை.

மத்தியானம் போயிற்று. சாயங்காலமும் போயிற்று. அம்மா தோட்டத்துக் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஏகாம்பரத்துக்கு ஒன்று அகப்பட்டது. பிரவுசரைத் தயாரிக்கும் நிறுவனமே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக ஒதுக்கி வைத்திருந்த பதிப்பு. அதில் புதிய வசதி எதுவும் வராது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

நிறுவினார். பக்கம் திறந்தது. ஹெட்போனுக்குள் குரல் பேசியது.

அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கேட்டார். பிறகு தட்டத் தொடங்கினார். விரல்கள் மழைபோல விழுந்தன.

அன்று மத்தியானம் சுகந்தி எழுதினாள். அதற்கு அடுத்த நாளும் எழுதினாள்.

*

ஏகாம்பரத்துக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்தப் பதிப்பின் எண் அவரை உறுத்தியது. வெளியே எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள். தான் மட்டும் பின்தங்கிய ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதாக ஓர் எரிச்சல். வேலையில் இருந்த நாளெல்லாம் இருந்த அதே எரிச்சல்.

மறுபடியும் தேடினார். அதே நிறுவனம் சோதனைக்கு விட்டிருந்த புதிய பதிப்பு கிடைத்தது. பழைய இயங்குதளத்திலும் அது ஏறிக்கொண்டது.

அம்மா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டார். பக்கம் திறந்தது. அதுவரைதான் பார்த்தார்.

அம்மா வந்து ஹெட்போனை மாட்டினார். பக்கத்தின் தலைப்பைக் குரல் படித்தது. அதோடு நின்றுவிட்டது.

அம்மா விசைகளை அழுத்தினார். கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை.

“ஏதாவது மாத்தினீங்களா?”

“புது வெர்ஷன் ஒண்ணு இருந்துச்சு அம்மா.”

“இருந்ததுல என்ன குறை?”

ஏகாம்பரம் திரையில் அந்தப் புதிய எண்ணைப் பார்த்தார்.

“சுகந்தி வந்திருக்காளா பாருங்க.”

திரையில் அவள் பெயர் இருந்தது. கீழே வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

“பழையதைத் திரும்பப் போட்டுடறேன் அம்மா. பத்து நிமிஷம்.”

“அதுவரைக்கும் அவ இருப்பாளா?”

அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க படிங்க.”

“நானா?”

“குரல் இல்லையே. படிங்க.”

ஏகாம்பரம் படித்தார்.

“‘அம்மா, இருக்கீங்களா. இப்பதான் தூங்க வெச்சேன். ராத்திரி முழுக்க அழுதான். பால் பத்தலைன்னு மாமியார் சொல்றாங்க. அவர் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டார். மாமியாரும் ஊருக்குப் போயிட்டாங்க. நான் நல்ல அம்மா இல்லை.’”

அவர் நிறுத்தினார்.

“‘எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு.’ அவ்வளவுதான் அம்மா.”

“நடுவுல ஒரு வரியை விட்டுட்டீங்க.”

“இல்லையே.”

“மூச்சு நின்னுச்சு உங்களுக்கு. படிங்க.”

ஏகாம்பரம் விட்ட வரியைப் படித்தார்.

“‘இவனை யாராவது எடுத்து வளர்த்துப்பாங்க. நான் மொட்டை மாடிக்குப் போறேன்.’”

அம்மாவின் முகம் மாறவில்லை. விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

“தப்பா விழுந்தா சொல்லுங்க. ‘சுகந்தி, நான் மரகதம். இங்கதான் இருக்கேன். மாடிக்குப் போகாத. வாசக் கதவைத் திறந்து வை. பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?’ போயிருச்சா?”

“போயிருச்சு.”

“என்ன சொல்றா?”

“ஒண்ணும் வரலை.”

“பாத்துக்கிட்டே இருங்க.”

ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். எண், பதிப்பு, எரிச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டன. வெள்ளைத் திரையில் ஒரு புள்ளி மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

“அம்மா! ‘ஜீனத் அக்கா இருக்காங்க.’”

“அவங்க நம்பரைக் கேக்கறேன். வந்ததும் போன் பண்ணுங்க. உடனே போய் உட்காரச் சொல்லுங்க. தனியா விட வேண்டாம்னு சொல்லுங்க.”

எண் வந்தது. ஏகாம்பரம் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு பேசினார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் “அல்லா!” என்றாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா தட்டிக்கொண்டே இருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது, காலையில் என்ன சாப்பிட்டாய், அழுகை வந்தால் அழு, நான் போகமாட்டேன். சுகந்தி சொன்ன பதிலையெல்லாம் ஏகாம்பரம் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை.

பிறகு திரையில் எழுத்து நின்றது.

போனில் ஜீனத் அக்காவின் குரல் வந்தது.

“இங்கதான் இருக்கா. என் தோளைப் பிடிச்சுட்டு அழுறா. நான் எங்கயும் போக மாட்டேன். அவ வீட்டுக்காரருக்கும் சொல்லிட்டேன், கிளம்பிட்டாரு. வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்.”

ஏகாம்பரம் போனை வைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அம்மா இருட்டில் தடவுகிறவரைப்போல அவர் கையைத் தேடிப் பிடித்தார்.

“தண்ணி குடிங்க. அப்புறம் பழையதைப் போடுங்க.”

*

அதற்குப் பிறகு ஏகாம்பரம் அந்தப் பழைய பதிப்பைத் தொடவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் அம்மாவிடம் சொல்வார். இருவருமாக உட்கார்ந்து ஏற்றுவார்கள். குரல் பேசுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அவர் எழுந்திருப்பார்.

ஆனால் ஒருநாள் ஒரு செய்தியைப் படித்துவிட்டு வேகமாக வந்தார்.

“அம்மா, இந்த வெர்ஷனுக்கும் திருத்தம் அனுப்பறதை நிறுத்தப் போறாங்களாம்.”

“எப்போ?”

“அடுத்த வருஷம்.”

“இன்னிக்குத் திறக்குதா?”

“திறக்குது.”

“பேசுதா?”

“பேசுது. ஆனா அடுத்த வருஷம் என்ன செய்யறது?”

“அடுத்த வருஷம் தேடுங்க. உங்களுக்குத்தான் தேடத் தெரியுமே.”

அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கேட்டார். உதட்டோரம் மெல்ல விரிந்தது.

“சுகந்தி எழுதியிருக்கா. மருந்து சாப்பிடறாளாம். தூக்கம் வருதாம்.” இன்னும் கொஞ்சம் கேட்டார். “காலையில பையன் குப்புற விழுந்துட்டானாம்.”

ஏகாம்பரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எந்தப் பக்கமா விழுந்தான்னு கேளுங்க அம்மா.”