பட்டாணி அசையவே இல்லை

கரட்டூர் ஜமீன் எந்தத் திசையில் இருந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பஸ்ஸில் போக முடியாது. அந்த ஊர் ஆட்கள் நல்லவர்கள்தான். ஆனால் இந்தக் கதையை வெளியே சொன்னவன் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஜமீனில் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவன் உச்சிமாகாளி. எதையும் யோசிக்காமல் செய்யமாட்டான். யோசித்துவிட்டுச் செய்வதுதான் ஆபத்து. அடுத்தவன் சொள்ளமுத்து, சாப்பாட்டுப் பிரியன். கடைசி ஆள் வெயிலுகந்தான். மற்ற இருவரும் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பான். மூன்று பேரிடமும் ஒரு பெரிய குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் ஜமீன்தாருக்கு வந்த சோதனை.

ஒரு தடவை ஜமீன்தார் ஒரு வெள்ளைக்காரத் துரையோடு வாத்து வேட்டைக்குப் போனார். துரையின் நாய் துப்பாக்கிச் சத்தத்துக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தது. துரை ஒரு வார்த்தை சொன்னதும் தண்ணீரில் குதித்து, செத்த வாத்தைப் பூப்போலக் கவ்விக்கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தது. ஜமீன்தாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஊருக்கு வந்ததும் தன் சம்பந்தியான மேலைக்கோட்டை ஜமீன்தாரிடம், "என் பட்டாணி அதைவிட நல்லாச் செய்யும்" என்று சொல்லிவிட்டார். பட்டாணி என்பது கொட்டிலில் இருந்த செவலைக் குட்டி. அதுவரைக்கும் அது செய்த ஒரே வேலை, சமையல்காரரின் செருப்பைக் கடித்ததுதான்.

சம்பந்தி விடவில்லை. "அப்படியா? பாரிவேட்டைத் திருவிழா அன்னைக்கு உங்க கண்மாய்க்கரையில பாத்துக்கிடுவோம். செஞ்சா உங்க நாய். செய்யலைன்னா குட்டியை நான் கொண்டுபோயிருவேன்" என்றார்.

ஜமீன்தாரும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டார். ஆனால் இதைக் கேட்ட மூன்று பேரும் ஓடிப்போய்ப் பட்டாணியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பட்டாணியைப் பிறந்த நாளிலிருந்து மடியில் போட்டு வளர்த்தவர்கள் அவர்கள். சொள்ளமுத்து தன் கருவாட்டில் பாதியை அதற்குக் கொடுப்பான்; வேறு யாருக்கும், பெற்ற பிள்ளைக்குக்கூட, அவன் கருவாடு கொடுத்ததாகக் கேள்வி இல்லை.

ஜமீன்தார் மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. துப்பாக்கி வெடிச்சாலும் வானமே இடிஞ்சு விழுந்தாலும், 'எடு'ன்னு சொல்லுத வரைக்கும் அசையக் கூடாது. சொன்ன பொறவு போய்க் கவ்வணும். பல்லு படக் கூடாது, இறகு கலையக் கூடாது. கொண்டாந்து கையில குடுக்கணும்."

"இதை எப்படி எசமான் பழக்குதது?" என்று கேட்டான் உச்சிமாகாளி.

"நாய் ஆளைப் பார்த்துத்தாம்லே கத்துக்கிடும். நீங்க எப்படியோ அப்படித்தான் அது. முதல்ல நீங்க ஒழுங்கா இருங்க!"

அவர் எரிச்சலில் சொன்னார். அவர்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

கொட்டிலுக்கு வந்ததும் சபை கூடியது.

"எசமான் சொன்னதுல முக்கியமானது எது?" என்றான் உச்சிமாகாளி.

"ஆளைப் பார்த்துத்தான் கத்துக்கிடும்னாரு" என்றான் சொள்ளமுத்து.

"அப்போ முதல்ல நாம கத்துக்கிடணும். பட்டாணி உக்காந்து பாக்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்றான் வெயிலுகந்தான்.

"யாரு நாயா இருக்கது, யாரு எசமானா இருக்கது?"

இதில் கொஞ்சம் மனத்தாங்கல் வந்தது. ஒருவன் எசமானாக இருந்தால் அவன் மட்டும் பாடம் படிக்காமல் போய்விடுவானே! கடைசியில் மூன்று பேரும் நாய் என்றும், பட்டாணி உட்கார்ந்து பார்க்கிற இடம்தான் எசமான் இடம் என்றும் முடிவாயிற்று. பட்டாணியை ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்காரவைத்து, அசையாமல் இருப்பதற்குக் கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அசையாமல் இருந்தால் கருவாடு கிடைக்கும் என்பதைப் பட்டாணி உடனே புரிந்துகொண்டது. அந்தக் கொட்டிலில் ஒரு விஷயம் உடனே புரிந்தது அதற்கு மட்டும்தான்.

முதல் பாடம் வெடிச் சத்தம். துப்பாக்கியை இவர்கள் கையில் கொடுக்க ஜமீன்தாருக்குப் பைத்தியமா? கோயில் கொடைத் திருவிழாவில் மிச்சமான வெடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, மூவரும் வரிசையாகக் குந்தினார்கள்.

"பத்தவச்சவன் எந்திரிச்சு ஓடுவாம்லா? அது அசையுதது ஆகாதா?" என்று கேட்டான் சொள்ளமுத்து.

"ஆகும். அதனால பக்கத்துலயே வச்சு, உக்காந்தபடியே பத்தவைக்கணும்" என்றான் உச்சிமாகாளி.

வெயிலுகந்தான் அதுவும் சரிதான் என்று பற்றவைத்தான். டமார்! கொட்டில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விட்டன. இவர்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது.

"லேய் வெயிலு, உன் வேட்டி புகையுது."

"தெரியுதுண்ணே. சுடவும் செய்யுது."

"அணைச்சா அசைஞ்சதா ஆகுமா?"

"எடுன்னு யாரும் சொல்லலையேண்ணே."

வேட்டியை அணைப்பது அசைவா, அசைவில்லையா என்று அவர்கள் நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது வெயிலுகந்தானின் பொண்டாட்டி தண்ணிக்குடத்தோடு வந்தாள். குடத்தை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள். கூடவே அவன் பரம்பரையில் ஒருவர் விடாமல் வாழ்த்தினாள். அதற்கும் அவன் அசையவில்லை. "பாத்தியாலே, தேறிட்டான்!" என்று உச்சிமாகாளி பூரித்துப்போனான்.

பட்டாணி கூடைமேல் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தது. அதற்குக் கருவாடு கிடைத்தது.

அடுத்தது எடுத்துவரும் பாடம். "துணியைச் சுருட்டி எறிஞ்சு பழக்குங்க. துணியில வாத்து வாசனை இருக்கணும்" என்று ஜமீன்தார் சொல்லியிருந்தார்.

"வாத்து வாசனை எங்கே இருக்கும்?" என்றான் உச்சிமாகாளி.

"வாத்துலதான்."

"அப்போ வாத்தை விட்டுட்டு வாசனையை மட்டும் எப்படிக் கொண்டார முடியும்?"

அரண்மனைக் கொல்லையில் வாத்து இருந்தது. கொடியில் ஜமீன்தாரின் ஜரிகைத் துண்டு காய்ந்தது. வாத்தை உயிரோடு துண்டுக்குள் சுருட்டி, உச்சிமாகாளி கையை ஓங்கி எறிந்தான். வாத்து கீழே விழுந்ததும் எழுந்து ஓட்டமெடுத்தது. மாடியிலிருந்து வெற்றிலை துப்ப எட்டிப்பார்த்த ஜமீன்தார், தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வாத்து கண்மாயை நோக்கி ஓடுவதைக் கண்டார். மூன்று பேர் நாலுகாலில் அதன் பின்னால் போனார்கள். அவர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

அன்றிலிருந்து வெறும் துணிச்சுருள்தான் என்று உத்தரவு வந்தது. ஒருவன் எறிவான், 'எடு' என்பான், மூவரும், எறிந்தவனும் சேர்த்துத்தான், நாலுகாலில் ஓடுவார்கள். யார் வாயில் முதலில் அகப்படுகிறதோ அவன் கவ்விக்கொண்டுவந்து பட்டாணியின் காலடியில் வைப்பான். பட்டாணிக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சுருளை மெதுவாக வாயில் எடுத்துக்கொண்டுபோய், யார் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையில் வைக்கும். மறுபடி எறி என்று அர்த்தம்.

"பாவம், அதுக்கு எடுக்கத் தெரியலை. நாம கொண்டாந்ததையே திருப்பிக் குடுக்குது" என்று சொள்ளமுத்து வருத்தப்பட்டான்.

பல் படாமல் கவ்வுவதற்கு முட்டைப் பாடம். "கோழிமுட்டையை வாயில வச்சு நடக்கணும், உடையக் கூடாது" என்பது ஜமீன்தாரின் யோசனை. மூவரும் வாயில் முட்டையோடு கொட்டிலைச் சுற்றினார்கள். உச்சிமாகாளிக்குத் தும்மல் வந்து, மஞ்சள் கரு முழுக்க வெயிலுகந்தானின் முதுகில். வெயிலுகந்தான் "அதுவும் சரிதான்" என்று சொல்ல வாய் திறந்ததில் அவன் முட்டை தரையில். சொள்ளமுத்து மட்டும் வெறும் வாயோடு நிம்மதியாக வந்து சேர்ந்தான்.

"உன் முட்டை எங்கேலே?"

"உள்ளே இருக்கு. அவிச்ச முட்டைதான் கொண்டுவந்தேன். உடையவே இல்லையேண்ணே, முழுசாத்தான் இறங்குச்சு."

மற்ற இருவரும் யோசித்துப் பார்த்தார்கள். உடையக்கூடாது என்றுதான் உத்தரவு. விழுங்கக்கூடாது என்று இல்லை. சொள்ளமுத்து தேறிவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள்.

பாரிவேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் உச்சிமாகாளிக்கு அந்தக் கவலை வந்தது.

"நாம மூணு பேரும் நல்லாக் கத்துக்கிட்டோம். பட்டாணி கத்துக்கிடுச்சா?"

மூன்று பேரும் கூடையைப் பார்த்தார்கள். பட்டாணி வாலை ஆட்டியது.

"நாளைக்கு அவரு கொண்டுபோயிட்டா, இது மேலைக்கோட்டையில யாரு பக்கத்துல படுக்கும்?" என்றான் வெயிலுகந்தான். யாரும் கேட்காமல் அவனாக வாய் திறந்து ஒன்று பேசியது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு ஓவென்று அழுதான். மற்ற இருவரும் சேர்ந்து அழுதார்கள். பட்டாணி ஒருவர் பாக்கியில்லாமல் மூஞ்சியை நக்கிவிட்டது.

பாரிவேட்டை அன்று கண்மாய்க்கரையில் ஊரே கூடிவிட்டது. இரண்டு ஜமீன்தார்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் பட்டாணி. அதன் பக்கத்தில் மூன்று பேரும் குந்தியிருந்தார்கள்.

மேலைக்கோட்டையார் விரலை ஆட்டிச் சொன்னார்: "வெடிச்ச உடனே நாய் ஓடுனா தோல்வி. இறகு கலைஞ்சா தோல்வி. வாத்து நாய் வாயிலயிருந்து உங்க கைக்கு வரலைன்னா தோல்வி. குட்டி என் வண்டியில ஏறிரும்."

கரட்டூரார் துப்பாக்கியைத் தூக்கினார். டமார்! நடுக்கண்மாயில் ஒரு வாத்து விழுந்தது. கூட்டத்தில் கைக்குழந்தைகள் வீறிட்டன. பட்டாணி காதைச் சொறிந்துகொண்டது, அவ்வளவுதான். மேலைக்கோட்டையார் எழுந்துவந்து, கரட்டூரார் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, பட்டாணியின் காதுக்குப் பக்கத்திலேயே வானத்தைப் பார்த்து இன்னொரு வேட்டுப் போட்டார். பட்டாணி அசையவே இல்லை. அவரை நிமிர்ந்து பார்த்து, கருவாடு எங்கே என்பது போல மூக்கைச் சுளித்தது.

கரட்டூரார் மீசையைத் தடவிக்கொண்டு கம்பீரமாகச் சொன்னார்: "எடு!"

தொபுக், தொபுக், தொபுக்கென்று மூன்று பேர் தண்ணீரில் குதித்தார்கள்.

ஜமீன்தாரின் கை மீசையிலேயே நின்றுபோயிற்று. கண்மாய் நடுவிலிருந்து பேச்சு கேட்டது.

"அண்ணே, கழுத்தைக் கவ்வவா, சிறகைக் கவ்வவா?"

"முதுகைக் கவ்வு, பல்லு படாம!"

"கவ்விட்டேன்ணே!" என்று சொள்ளமுத்து சொன்னதும் வாத்து வாயிலிருந்து விழுந்தது. மறுபடி கவ்வினான். "இப்போ சரியா இருக்கா?" என்று கேட்டதும் மறுபடி விழுந்தது. கடைசியில் உச்சிமாகாளியே உதட்டை மடித்துக் கவ்விக்கொண்டு நீந்தினான். மற்ற இருவரும் இரண்டு பக்கமும் காவலாக வந்தார்கள். கரையேறி, நாலுகாலில் சொட்டச் சொட்ட நடந்து, வாத்தைப் பட்டாணியின் காலடியில் வைத்தார்கள்.

பட்டாணி வாத்தை முகர்ந்தது. மெதுவாக வாயில் எடுத்தது. யார் கை சும்மா இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தது. மூன்று பேரின் கைகளும் தரையில் ஊன்றியிருந்தன. மேலைக்கோட்டையார் கையில் துப்பாக்கி இருந்தது. ஒன்றும் புரியாமல் இரண்டு கையையும் விரித்தபடி உட்கார்ந்திருந்தவர் கரட்டூரார் ஒருவர்தான். பட்டாணி போய் அவர் கையில் வாத்தை வைத்தது.

மேலைக்கோட்டையார் வாத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இறகு கலையவில்லை. அவர் கறாரான மனுஷன், ஆனால் பேச்சு மாறாதவர்.

"நாய் அசையலை. இறகு கலையலை. வாத்து நாய் வாயிலயிருந்துதான் உங்க கைக்கு வந்திருக்கு. தண்ணிக்குள்ள யாரு போகணும்னு நான் சொல்லலை. குட்டி உங்களுக்குத்தான் சம்பந்தி."

மூன்று பேரும் பட்டாணியைக் கட்டிக்கொண்டு புரண்டார்கள். ஊரே சிரித்து உருண்டது. அரண்மனை மானம் போயிற்றா, நின்றதா என்று தெரியாமல் கரட்டூரார் வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மேலைக்கோட்டையாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஈரம் சொட்ட நின்ற மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கிண்டலாக, "ஏம்பா, நாய் வேண்டாம். உங்க மூணு பேரு மாதிரி ரகத்துல வேற ஏதாவது இருந்தா எனக்கு ஒண்ணு குடுங்களேன்" என்றார்.

உச்சிமாகாளி கிண்டலைக் கண்டானா? கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியாக யோசித்தான்.

"குட்டியா வேணும்னா இப்போதைக்கு இல்லை எசமான். கொஞ்சம் வயசானது பரவாயில்லைன்னா எங்க மாமனார் ஒருத்தர் சும்மாதான் இருக்காரு. வாயில ஒரு பல்லு கிடையாது, இறகு கலையவே கலையாது. துப்பாக்கி இல்லை, பீரங்கியே வெடிச்சாலும் அசைய மாட்டாரு, ரெண்டு காதும் சுத்தமாக் கேக்காது. ஒரே ஒரு குறைதான். 'எடு'ன்னு சொன்னாலும் அசைய மாட்டாரு."