ஓநாய்ச் சரிவின் இரண்டு பீப்பாய்கள்

ஐம்பத்தொன்பது வயதில் ஃபெர்மின் சீடனாகச் சேர்ந்தார். சேர்த்துக்கொண்ட குருவுக்கு வயது நாற்பத்திரண்டு.

ஸ்பெயினின் வடபகுதியில், துவேரோ ஆற்றங்கரையில், சிவப்பு ஒயினுக்குப் பேர்போன தோட்டம் ஒன்றில் இது நடந்தது. குருவின் பெயர் கசில்தா. குன்றைக் குடைந்து செய்த நிலவறையில் அவர் சொன்னதுதான் சட்டம். ஃபெர்மினோ நாற்பது வருடமாக வெளியே வெயிலிலும் பனியிலும் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்தவர். நிலவறைக்குள் ஒயின் என்ன ஆகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய ஒரே மகள் இனேஸ் ஆறு வருடம் கசில்தாவிடம் ஒயின் செய்யக் கற்றவள். ரத்தத்தில் வந்த நோய் ஒரு ஜனவரியில் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்தைய செப்டம்பரில், ஓநாய்ச் சரிவு என்கிற துண்டு நிலத்துப் பழத்தைத் தானே பறித்து, தானே காலால் மிதித்து, இரண்டு பீப்பாய் நிரப்பியிருந்தாள். குரு கை வைக்காமல் அவள் தனியாகச் செய்த முதல் ஒயின் அது. அதுவே கடைசியும் ஆனது.

"அப்பா, நாலு வருஷம் ஆகணும். முதல் கோப்பை உங்களுக்குத்தான். அதுவரைக்கும் நாக்கைக் கட்டிக்கிட்டு இருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். சரி என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் ஃபெர்மின் நிலவறை வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

"என்ன வேணும்?" என்றார் கசில்தா.

"கத்துக்கணும்மா."

"எதுக்கு?"

"அந்த ரெண்டையும் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமில்ல."

கசில்தா ஆணியில் தொங்கிய இனேஸின் மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். ஃபெர்மினுக்குத் தோளில் இறுக்கிப் பிடித்தது. அதையேதான் நான்கு வருடமும் போட்டார். 'தாத்தா பள்ளிக்கூடம் போறாரு' என்று சாராயக் கடையில் கேலி செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முதல் திங்கட்கிழமை கசில்தா அவரைப் பீப்பாய்களுக்கு நடுவே அழைத்துப் போனார்.

"மரமும் குடிக்கும். வாரத்துக்கு அரைக் கோப்பை. குடிச்ச இடத்துல காத்து வந்து உட்கார்ந்துக்கும். காத்து உட்கார்ந்தா ஒயின் புளிச்சுக் காடியாயிடும். அதனால திங்கக்கிழமை தோறும் குறைஞ்சதை நிரப்பணும்."

"எதை வச்சு நிரப்புறது?"

"செவிலியை வச்சு."

அந்தத் தோட்டத்து வழக்கம் அது. ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு பீப்பாயைத் தனியே எடுத்து, அதன் ஒயினைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குடுவைகளில் விளிம்புவரை நிரப்பி மூடி, அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு குடுவையைத் திறந்து மற்ற பீப்பாய்களுக்கு ஊற்றுவார்கள். பிறர் பிள்ளையை வளர்க்கும் தாயைப்போல, அதற்குச் செவிலி என்று பெயர். பன்னிரண்டு பீப்பாய்களை நான்கு வருடம் வளர்த்துவிட்டு அது தீர்ந்துபோகும். செவிலியின் ஒயினை அதன் பெயரில் யாரும் குடித்ததில்லை.

"இந்த வருஷம் செவிலி எது?"

கசில்தா ஓநாய்ச் சரிவின் முதல் பீப்பாய்மேல் கை வைத்தார்.

ஃபெர்மினுக்கு முகம் கறுத்துவிட்டது. "அது இனேஸோடது."

"ஆமா."

"ஊரான் பீப்பாய்ல ஊத்தித் தீர்க்கறதுக்கா எம்பொண்ணு செஞ்சா?"

"ரெண்டாவது உங்களோடது. அதுல நான் கை வைக்கமாட்டேன். ஆனா அதுக்கும் வாராவாரம் செவிலி ஊத்தணும். அவளோடதை அவளோடதுக்கே ஊத்துறீங்க, அவ்வளவுதான்."

"ஊத்த ஊத்த அது தீரும். என் கையால அதைத் தீர்க்கமாட்டேன்."

"அப்ப ரெண்டாவது குறைஞ்சுக்கிட்டே போய்க் கெட்டுடும்."

"பார்த்துக்கிறேன்மா."

கசில்தா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஃபெர்மின் பார்த்துக்கொண்ட விதம் இது. கவாத்துக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பெரிய கொம்பை வெட்டினால் வெட்டுவாயில் மெழுகு பூசுவார். காயத்தை மூடிவிட்டால் கொடி பிழைத்துக்கொள்ளும். நாற்பது வருடத்தில் அது பொய்த்ததில்லை. எனவே மகளின் இரண்டாவது பீப்பாயை அடைத்து, அடைப்பைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றினார். ஈ எறும்பு நுழையாது என்று தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பெற்ற மனம் பித்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக நிலவறைக்கு வருவார். மெழுகைச் சுரண்டி அடைப்பை எடுப்பார். துளையில் மூக்கை வைத்து இழுப்பார். செப்டம்பர் வெயிலும் பழம் மிதித்து ஊதாவான மகளின் கால்களும் அப்படியே நினைவுக்கு வரும். ஒரு சொட்டும் எடுக்கமாட்டார். வாசனையால் என்ன குறைந்துவிடப் போகிறது? மறுபடி மூடி, மறுபடி மெழுகு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்.

திங்கட்கிழமைகளில் கசில்தா குடுவையைத் திறந்து ஒவ்வொரு பீப்பாயாக ஊற்றிக்கொண்டு போவார். ஃபெர்மின் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். தரையைக் கழுவுவார், காலிப் பீப்பாய்களை உருட்டுவார், சொன்னதையெல்லாம் செய்வார், ஆனால் குருவிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அலமாரியில் குடுவைகள் குறைந்துகொண்டே வந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் வருடம் வாசனை கொஞ்சம் கூர்மையாயிற்று. ஒயின் முதிர்கிறது என்று சொல்லிக்கொண்டார். மூக்குக்குத் தெரிந்துதான் இருந்தது. மனசு ஒப்பவில்லை.

நான்காம் வருடம் செப்டம்பர் வந்தது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வீட்டில் மகள் தண்ணீர் குடித்த கண்ணாடிக் கோப்பையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஃபெர்மின் நிலவறைக்கு வந்தார். மெழுகை உடைத்தார். நீண்ட கண்ணாடிக் குழலைத் துளைவழியே இறக்கினார். குழலுக்கு ஒயின் எட்டவில்லை. இன்னும் இறக்கினார். ஒரு சாணுக்குக் கீழேதான் ஒயின் இருந்தது.

கோப்பையில் விட்டபோது கலங்கலாக, செங்கல் நிறத்தில் விழுந்தது. குடித்தார்.

சுத்தமான காடி. தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் முட்டியது. அவர் துப்பவில்லை. முதல் கோப்பை அவருக்கு என்று மகள் சொல்லியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார்.

திரும்பியபோது கசில்தா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வருஷமே தெரியும்."

"ஏம்மா சொல்லலை?"

"ஒரு ஞாயித்துக்கிழமை சொல்லத்தான் வந்தேன். பீப்பாய்மேல கன்னத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன். போயிருக்கக் கூடாது."

"சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்."

ஃபெர்மின் உடைந்த மெழுகுத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"மெழுகு போட்டு மூடினேனே. காத்து எப்படி உள்ளே போச்சு?"

"ஞாயித்துக்கிழமை தோறும் நீங்கதானே திறந்துவிட்டீங்க."

ஃபெர்மின் பீப்பாயைப் பிடித்துக்கொண்டார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"செவிலியில ஒரு குடுவையாவது மிச்சம் இருக்கா?"

"போன திங்கக்கிழமை கடைசிக் குடுவை."

அலமாரியில் குடுவைகள் நின்ற இடத்தில் தூசிக்கு நடுவே வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. ஃபெர்மின் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்று வராத அழுகை இப்போது வந்தது. வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டிருந்த அந்தச் சின்ன மேலங்கியின் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். மகளை இரண்டாம் முறை பறிகொடுத்தது போலிருந்தது. முதல் முறை நோயைக் குற்றம் சொல்ல முடிந்தது.

கசில்தா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவினார். பன்னிரண்டு பீப்பாய்களில் ஏழாவதைத் திறந்தார். குழலை இறக்கும் முன்பே ஒயின் விளிம்பில் பளபளத்தது. கோப்பையை நிரப்பி அவரிடம் நீட்டினார்.

"இது யார் செஞ்சது?"

"கிணத்துமேட்டுப் பழம். நான் செஞ்சது."

ஃபெர்மின் குடித்தார். நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இதுல அவளோடது எவ்வளவு இருக்கும்?"

"ஒரு வாளி அளவு இருக்கும். பன்னிரண்டுலயும் அதே அளவுதான்."

இன்னொரு மிடறு குடித்தார். கண்ணை மூடி, நாக்கில் வைத்திருந்து, மெதுவாக விழுங்கினார். மறுபடியும் குடித்தார். கோப்பையைப் பாதியில் இறக்கினார்.

"தெரியலையேம்மா. நான் அவளைப் பெத்தவன், எனக்கே தெரியலை. இதுல எது அவ?"

கசில்தா ஏழாவது பீப்பாயின் அடைப்பைப் பொருத்தி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது கெடாம இருக்கே, அதுதான்."