சாம்பல் கழுத்துப் பறவை

பறவைகளும் மனிதர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், இங்கிலாந்தின் வடக்கே வென்பெக் என்ற பள்ளத்தாக்கில் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அதன் மணிக்கூண்டில் நான்கு பெரிய மணிகள். மணிகளுக்கு மேலே கல் இடுக்குகளில் ஜாக்டா என்னும் பறவைகள் குடியிருந்தன. காக்கை இனம்தான், ஆனால் உருவத்தில் சிறியது. அப்போது அவை தலை முதல் வால் வரை கரிக்கட்டை போலக் கறுத்திருந்தன. கண்களும் கறுப்புதான்.

மணி அடிப்பவர் கத்பர்ட் என்ற வயதான துறவி. கயிற்றைப் பிடிப்பதற்கு முன்னால் மேலே பார்த்து, "மார்ஜரி, அடிக்கப் போகிறேன்!" என்று குரல் கொடுப்பார். மார்ஜரி என்ற ஜாக்டா உடனே குஞ்சுகளின் மேல் சிறகை விரித்து மூடிக்கொள்ளும். "ம், அடியுங்கள் சகோதரரே" என்று பதில் வந்த பிறகுதான் மணி ஒலிக்கும். பள்ளத்தாக்கில் ஆடு மேய்ப்பவர்கள், "இன்றைக்கு மணி தாமதம். மார்ஜரி இன்னும் எழுந்திருக்கவில்லை போல" என்று சிரிப்பார்கள். மாலையில் கத்பர்ட் ரொட்டித் துணுக்குகளோடு படியேறி வருவார். காற்று, மழை, மேய்ப்பர்களின் சண்டை என்று இருவரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தின் அரசருக்கும் ரோமாபுரியில் இருந்த போப்பாண்டவருக்கும் பகை மூண்டது. இனி என் நாட்டுத் திருச்சபைக்கு நானே தலைவன் என்றார் அரசர். மடங்களை எல்லாம் மூடச் சொன்னார். மடங்களின் நிலம், வெள்ளி, மணிகள் எல்லாம் அரசருடையவை ஆயின.

ஒரு வசந்த காலத்தில் அரசரின் அதிகாரி ஆட்களோடு வென்பெக்குக்கு வந்தார். துறவிகள் அழுதுகொண்டே வெளியேறினார்கள். அதிகாரியின் ஆட்கள் மணிகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். "உருக்கிப் பீரங்கி செய்யப் போகிறார்கள்" என்று பேச்சு அடிபட்டது. அடுத்து, கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடுகளை உரித்துக் கீழே போட்டார்கள். அவற்றை உருக்க விறகு வேண்டியிருந்தது. துறவிகள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து பாடிய ஓக் மர இருக்கைகளை உடைத்து, மணிக்கூண்டுக்குக் கீழே மடத்துத் தேவாலயத்தின் நடுவிலேயே குவித்தார்கள்.

கத்பர்ட் மட்டும் போகவில்லை. அதிகாரியிடம் வந்து நின்றார்.

"ஐயா, மணிக்கூண்டில் பறவைக் குஞ்சுகள் இருக்கின்றன. இன்னும் சிறகு முளைக்கவில்லை. அவை பறக்கிறவரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

அதிகாரி கெட்டவர் அல்ல. களைத்துப் போயிருந்தார். "பெரியவரே, பறவைக்காகத் தாமதித்தேன் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கும் மேலே ஆள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தீ வைக்கச் சைகை காட்டினார்.

உலர்ந்த ஓக் கட்டைகள் பற்றிக்கொண்டன. புகை மணிக்கூண்டு வழியாக மேலே கிளம்பியது. மற்ற ஜாக்டாக்கள் பறந்து போய்விட்டன. மார்ஜரி கூட்டை விட்டு நகரவில்லை. புகையில் கண்ணீர் வழிய, "சகோதரரே! சகோதரரே!" என்று கத்தியது.

கத்பர்ட் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படியேறினார். ஆட்கள் தடுத்தும் கேட்கவில்லை. கூண்டின் உச்சியில் எதுவும் தெரியவில்லை. குரல் வந்த திசையில் கையால் துழாவி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து அங்கியின் மடியில் போட்டுக்கொண்டார். "பயப்படாதே, எல்லாம் என்னிடம் இருக்கின்றன" என்று சாம்பல் அப்பிய கையால் மார்ஜரியின் பின்கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

கீழே வந்ததும் விழுந்துவிட்டார். குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று அவர் நெஞ்சுக்குள் போன புகை பிறகு வெளியே வரவே இல்லை. மார்ஜரியின் கறுப்புக் கண்கள் அந்தப் புகையில் வெளுத்துப் போயின. கழுத்தில் அவர் கை பட்ட இடம் எத்தனை மழையில் நனைந்தும் சாம்பல் நிறமாகவே இருந்தது.

"மலைப்பாறைக்கு வா, அங்கே மனிதத் தொல்லை இல்லை" என்று மற்றப் பறவைகள் அழைத்தன. மார்ஜரி போகவில்லை. கத்பர்ட் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு தம் தங்கை இசபெல்லின் வீட்டுக்குப் போனார். கணவனை இழந்தவள் அவள். ஒற்றை அறை வீடு. அந்த ஊரில் முதன்முதலாகச் செங்கல்லில் புகைபோக்கி கட்டிய வீடு அதுதான். மார்ஜரி குஞ்சுகளோடு அந்தக் கூரையில் தங்கியது.

பனிக்காலம் வந்தது. முன்பெல்லாம் ஏழைகள் மடத்துக் காட்டில் விறகு பொறுக்குவார்கள், யாரும் கேட்டதில்லை. இப்போது காட்டை ஒரு பிரபு வாங்கியிருந்தார். இசபெல் சுமந்து வந்த விறகைக் காவல்காரன் பிடுங்கிக்கொண்டான்.

"இன்னொரு தடவை வந்தால் கட்டி வைத்துச் சவுக்கால் அடிப்பார்கள் அம்மா. போய்விடு."

வெறுங்கையோடு வந்த இசபெல் அண்ணனின் கால்களைத் தன் போர்வையால் சுற்றினாள். கணப்பு அணைந்து கிடந்தது. கத்பர்ட்டின் இருமல் கூரைவரை கேட்டது.

மார்ஜரி சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு காட்டுக்குப் பறந்தது. காவல்காரனின் தலைக்கு மேலேயே ஓக் மரத்திலிருந்து ஒரு காய்ந்த சுள்ளியை ஒடித்து, அலகில் கவ்விக்கொண்டு வந்து புகைபோக்கிக்குள் போட்டது. மறுபடியும் போனது. வளர்ந்த குஞ்சுகளும் கூடப் போயின. அதைப் பார்த்த மற்ற ஜாக்டாக்களும் மலைப்பாறையிலிருந்து இறங்கி வந்தன.

"அண்ணா, புகைபோக்கிக்குள் என்னவோ விழுகிறது!" என்று இசபெல் பதறினாள்.

கத்பர்ட் தலையைத் தூக்கிப் பார்த்தார். சாம்பலின் மேல் சுள்ளிகள் குவிந்துகொண்டிருந்தன. "மார்ஜரி!" என்று கூப்பிட்டார். "போதும், நீ களைத்துப் போவாய்!"

"நீங்கள் முதலில் தீயை மூட்டுங்கள்" என்றது மேலேயிருந்து குரல்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டில் தீ அணையவில்லை. சூடான செங்கல்லில் ஒட்டிக்கொண்டு மார்ஜரி மேலே இருக்கும். கீழே கணப்பின் அருகில் கத்பர்ட்.

"மழை நாளில் பெரிய மணியின் ஓசை எப்படி இருக்கும், சொல்" என்பார் அவர்.

"ஈரத் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. சின்ன மணிதான் எனக்குப் பிடிக்கும். அது குஞ்சுகளைப் பயமுறுத்தாது."

"எனக்கும் அதுதான்."

உருகிப்போன மணிகளை இருவரும் இப்படித்தான் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வசந்தம் பிறந்ததும் கத்பர்ட் இறந்துபோனார். இசபெல் மகள் வீட்டோடு போய்விட்டாள். கீழே இனி யாரும் இல்லை என்பது மார்ஜரிக்குப் புரியவில்லை. சுள்ளி போட்டுக்கொண்டே இருந்தது. எரிக்க ஆளில்லாத சுள்ளிகள் புகைபோக்கியை அடைத்து நின்றன. கடைசியில் அவற்றின் மேலேயே உட்கார்ந்து முட்டையிட்டது.

அன்று முதல்தான் ஜாக்டாக்களின் கழுத்து சாம்பல் நிறமாகவும் கண்கள் வெளுத்தும் இருக்கின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் அவை புகைபோக்கிகளில் சுள்ளி போடுகின்றன. அடைத்துவிட்டது என்று வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள். பறவை காதில் வாங்குவதில்லை. உள்ளே யாரோ குளிரில் இருமுகிறார் என்றே அது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.