சீமைக்காரிக்கு வைத்த எண்ணெய்

“இருபத்திரண்டு வருஷமா சுமந்தவ நான். உட்கார்ற சீட்டு மட்டும் அவளுக்கா?”

இதே வார்த்தையைக் காலையிலிருந்து பதினோராவது தடவையாகச் சொல்லிவிட்டாள் பச்சை.

“சொன்னதையே சொல்லாதேடி. கழற்றியாச்சு, அவ கம்பியில மாட்டியும் ஆச்சு,” என்றாள் மணி.

பச்சை ஓர் இரும்பு சைக்கிள். சேலத்தில், ஜன்னலைத் திறந்தால் ஏற்காடு மலை தெரிகிற ஒரு வீட்டு ஹாலில், சுவரில் சாய்ந்து குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். மணி அவள் கைப்பிடியிலேயே இருந்த மணி. அந்த வீட்டில் சாமான்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசும்; மனுஷர் காதில்தான் விழாது. மணியின் குரல் மட்டும் விழும். அதுவும் வீட்டுக்காரர் இன்பநாதனின் கட்டைவிரல் பட்டால்தான்.

வந்தவள் தைவானிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியவள். கார்பன் ஃப்ரேம். சக்கரம் இல்லை, கைப்பிடி இல்லை, சங்கிலி இல்லை. வெறும் எலும்புக்கூடாகத்தான் வந்தாள். ஆனால் என்ன மினுமினுப்பு! இன்பநாதன் அவளை ஒற்றை விரலில் தூக்கி மனைவியிடம் காட்டினார்.

“பாரு ரெஜினா, ஒரு கிலோ கூட இல்ல!”

“இதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. அரிசி மூட்டையை நகர்த்தச் சொன்னா மட்டும் இடுப்பு பிடிச்சுக்கும்,” என்று சொல்லிவிட்டு ரெஜினா சமையலறைக்குப் போய்விட்டாள்.

பச்சையை அவர் ஒருநாளும் ஒற்றை விரலில் தூக்கியதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவார். அந்த மூச்சுச் சத்தத்தைத்தான் அவள் இத்தனை வருஷமும் பாசம் என்று நினைத்திருந்தாள்.

சாமான்கள் புதியவளுக்குச் சீமைக்காரி என்று பெயர் வைத்தன. அதன் பிறகு சீர்வரிசை மாதிரி தினம் ஒரு பார்சல். ஒருநாள் சக்கரம், ஒருநாள் கைப்பிடி, ஒருநாள் பிரேக். ஆபீஸ் விட்டு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மாட்டினார். பச்சை அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வாங்கிப் போடுகிறார், போடட்டும். ஆனால் சீட்டு? அந்தத் தோல் சீட்டில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கென்றே பள்ளம் விழுந்திருந்தது. “பழகினதை விட முடியுமா?” என்று சொல்லிக்கொண்டே அதைப் பச்சையிடமிருந்து கழற்றினார். பச்சையைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

“ஏய் தோலு, போகமாட்டேன்னு சொன்னா என்ன?”

“நான் என்னக்கா பண்ணட்டும்? அவர் எங்க உட்கார்றாரோ அங்கதானே நான்,” என்றது சீட்டு. அதன் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததைப் பச்சை கவனித்துவிட்டாள்.

சீமைக்காரி சண்டைக்காரியாக இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அவளோ மரியாதைக்காரி. “அக்கா, உங்க இடத்துல நிற்கிறேனா? கொஞ்சம் தள்ளிக்கட்டுமா?” என்று கேட்பாள். அதுதான் இன்னும் எரிந்தது. திட்டவும் வழி விடமாட்டேன் என்கிறாளே!

சனிக்கிழமை காலையில், சீட்டை மாட்டிய கம்பியைச் சீமைக்காரிக்குள் இறக்குகிற வேலை. பக்கத்தில் கிரீஸ் டப்பா இருந்தது. சின்னதாக ஒரு பொட்டலமும் இருந்தது. உள்ளே மணல் கலந்த மாதிரி நறநறவென்று ஒரு பசை.

“இது எதுக்குடி?” என்று பச்சை சாதாரணமாகக் கேட்டாள்.

“எங்க வீட்டுல கிரீஸ் வைக்கமாட்டாங்க அக்கா. கம்பி வழுக்கிடும். வழுக்குதேன்னு மேல மேல இறுக்கினா, கம்பி இறங்குற கழுத்து எனக்குத் தாங்காது. அதுக்குத்தான் இந்தப் பசை. இதைத் தடவினா லேசா இறுக்கினாலே போதும்.”

வெகுளி. எது தாங்காது என்று யாரிடம் சொல்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை.

ஜன்னல் காற்றில் பொட்டலம் உருண்டு பச்சையின் காலடிக்கு வந்தது. பச்சை முன்சக்கரத்தை அரை அங்குலம் சரித்தாள். பொட்டலம் அடியில் போய்விட்டது.

“அடியே, நான் பார்த்துட்டேன்!” என்றாள் மணி. “தள்ளு சக்கரத்தை!”

“வாயை மூடு. இனிமே ஒரு வார்த்தை பேசினே, இந்த ஜென்மத்துல உன் முகத்துல முழிக்கமாட்டேன்.”

மணி வாயை மூடிக்கொண்டாள்.

இன்பநாதன் கையால் தரையைத் துழாவினார். சோபாவுக்கு அடியில் பார்த்தார். “இங்கதானே வச்சேன்?” என்றார். கிரீஸ் டப்பா பச்சையைப் பார்த்தது.

“போ, போ,” என்றாள் பச்சை. “புதுப்பொண்ணு வந்திருக்கா. நம்ம வீட்டு வழக்கப்படி எண்ணெய் வைக்கவேண்டாமா?”

மனுஷன் கை, கிட்டே இருப்பதைத்தான் எடுக்கும். கிரீஸை அள்ளித் தடவினார். புதிதாக வந்திருந்த டார்க் ரெஞ்சால் இறுக்கினார். இவ்வளவு போதும் என்கிற இடம் வந்ததும் அது ‘டக்’ என்று சொல்லி நின்றுகொள்ளும். சொன்னது. தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். சீட்டு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி ‘டக்’, மறுபடி இறங்கியது.

“இந்த வெள்ளைக்காரன் கணக்கெல்லாம் நம்ம ஊர் ரோட்டுக்கு ஆகாது,” என்று ரெஞ்சைத் தூக்கிப் போட்டார். பச்சையை இத்தனை வருஷமும் இறுக்கிய பழைய ஆலன் கீயை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு. இன்னொரு திருகு.

நகம் ஒடிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். சாமான்களுக்கு மட்டும் கேட்டது.

சீட்டு அசையவில்லை. இன்பநாதன் துணியால் கை துடைத்துக்கொண்டு சிரித்தார். “நாளைக்கு ஏற்காடு!”

அவர் உள்ளே போனதும் ஆலன் கீ முனகியது: “எனக்கு இரும்பைத்தான் தெரியும் பச்சை. கை சொன்ன வரைக்கும் திரும்பினேன்.”

சீமைக்காரி மெதுவாகச் சொன்னாள். “அக்கா, கழுத்துல விரிசல் விட்டிருக்கு. வெளியில தெரியாது. மலை ஏறிடுவேன். இறக்கத்துல, வளைவுல குலுங்கும்போது தாங்கமாட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல, பெட்டியில வந்தவ பெட்டியில போவேன். அவர் என் மேலதானே உட்கார்ந்திருப்பார்?”

பச்சைக்கு அப்போதுதான் அது உறைத்தது. காலையிலிருந்து அவள் சீமைக்காரி உடைவதைத்தான் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஓடிய அந்தப் படத்தில் மேலே யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெளுத்ததும் இன்பநாதன் தலைக்கவசத்தோடு ஹாலுக்கு வந்தார்.

“எட்டரைப் பூசைக்கு வந்துடணும். போன வாரம் மாதிரி நான் மட்டும் போய் நிற்கமாட்டேன்,” என்று உள்ளிருந்து ரெஜினா குரல் கொடுத்தாள்.

“வந்துடுவேன்மா. இறக்கத்துல பறந்துடும் இது!”

பச்சை வேறு ஒன்றும் தோன்றாமல் சுவரைப் பிடித்திருந்த பிடியை விட்டாள். தடாலென்று தரையில் விழுந்தாள். இன்பநாதன் ஓடி வந்தார். அவள் கிடந்த இடத்தில், நசுங்கிப்போய், அந்தப் பொட்டலம்.

“அட, இங்கயா கிடந்தே?” என்றார். எடுத்துப் பார்த்தார். பசையைத் தடவக் கம்பியை உருவினால் விரிசல் கண்ணில் படுமே என்று பச்சை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவர் சீட்டை ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. “இனிமே இது எதுக்கு?” பொட்டலம் மேஜை டிராயருக்குள் போனது.

பச்சையை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூக்கினார். மறுபடி விழாதபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்தார்.

கதவு திறந்தது. சீமைக்காரியின் சக்கரம் வாசற்படியில் இறங்குகிற சத்தம் கேட்டது.

“மணி,” என்றாள் பச்சை. “நான் சொன்னதையெல்லாம் மறந்துடு. நீ திட்டினது நியாயம். இப்ப ஒரே ஒரு தடவை அடிடி. அவர் திரும்பிப் பார்க்கட்டும்.”

மணியை அடிக்கவேண்டிய கட்டைவிரல் சீமைக்காரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“மணி, ஒரே ஒரு தடவை.”