திரைக்குப் பின்னால்

ஆற்றங்கரை மண்டபத்தில் அன்று பெருமாள் எழுந்தருளியிருந்தார். கோயிலிலிருந்து பல்லக்கில் வந்து, வெயில் தணியும்வரை அங்கே தங்கிப் போவது வருடாவருடம் நடப்பது.

அதற்காக விடிந்ததுமே மண்டபத்தைக் காலி செய்துவிட்டார்கள். காலி செய்யச் சொன்னவர் பேரூராட்சி அதிகாரி கோமதிநாயகம். தூணில் பலகை அடிக்கச் சொன்னவரும் அவர்தான். பொது இடத்தில் சமைக்கக் கூடாது, குளிக்கக் கூடாது, துணி உலர்த்தக் கூடாது, படுக்கக் கூடாது. மீறினால் உடைமைகள் பறிமுதல்.

வீடில்லாமல் அங்கே கிடந்தவர்கள் கலைந்து போனார்கள். செவந்தி மட்டும் போகவில்லை. காய்ச்சலில் துவண்ட மகளை மடியில் போட்டுக்கொண்டு எதிரே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மூட்டை குப்பை லாரியில் கிடந்தது. பிள்ளையின் மருந்து மூட்டைக்குள்.

கோமதிநாயகத்துக்குக் கோயில் மரியாதையாகத் தலையில் பரிவட்டம் கட்டியிருந்தார்கள். ஆனாலும் மனசு ஒரு நிலையில் இல்லை. கூட்டத்தில் தன் குரு ஆதிமூலத்தைக் கண்டதும் ஓடினார். சீடரைவிடக் குரு வயதில் இளையவர். கோபக்காரர்.

"ஐயா, அந்தப் பொம்பளை என்னையே முறைச்சுப் பாக்கா. நான் என்ன செய்ய? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

குரு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார்.

"படியும். நீர் எழுதினதுதானே ஓய்."

"சமைக்கக் கூடாது."

மூலையில் கல் கூட்டிய அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது.

"அது யாருக்கு?"

"பெருமாளுக்கு."

"மேலே படியும்."

"குளிக்கக் கூடாது." பெருமாளைக் குளிப்பாட்டிய திருமஞ்சனத் தண்ணீர் இன்னும் படியில் வழிந்துகொண்டிருந்தது. கோமதிநாயகத்தின் குரல் இறங்கியது. "துணி உலர்த்தக் கூடாது." கொடியில் பெருமாளின் ஈரப் பட்டுத்துணி தொங்கியது. "படுக்க..."

மண்டபத்தின் நடுவில் திரை போட்டிருந்தது.

"உள்ளே யாரு?"

"பெருமாள், ஐயா. இளைப்பாறுறார்."

"எழுப்பும்!"

மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூசை செய்யும் பட்டர் ஓடிவந்தார். "மெதுவாப் பேசுங்கோ. திரை போட்டா யாரும் சத்தம் போடப்படாது."

"நல்ல வழக்கம் சாமி. காலையில அந்தப் பிள்ளையைத் தடியால தட்டி எழுப்புனப்ப ஏன் இதைச் சொல்லலை?"

பட்டர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

"எழுப்பும் ஓய். லாரி நிக்குல்லா? குடை, பல்லக்கு, நகைப்பெட்டி, எல்லாத்தையும் தூக்கி அதுல எறியும்."

"ஐயா, அபசாரம். அவரும் அவளும் ஒண்ணா?"

"நீர்தானே சொன்னீர், எல்லாருக்கும் ஒண்ணுன்னு."

வெளியே லாரி உறுமியது. செவந்தி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். "ஐயா, மருந்து! மருந்தை மட்டும் குடுத்துட்டுப் போங்கய்யா!"

டிரைவர் காதில் விழவில்லை.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"கத்தினாத்தான் லாரி நிக்கும் ஐயா," என்று கிசுகிசுத்தார். "ஆனா பெருமாள் எழுந்திருவாரே."

"எழட்டும்," என்றார் குரு. "அவருக்குப் போறதுக்கு வீடு இருக்கு."