பதினோராவது கட்டம்

“நாற்பத்திரண்டு வருஷத்துல ஒரு டீனாவது ஒரு கையெழுத்தைக் குறைக்கலையா?”

கேட்டவர் ஞானசிகாமணி. பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பள்ளிக்குப் புது டீன். மத்தியானம்தான் வேலையில் சேர்ந்தார். தன் அறையைக்கூட இன்னும் பார்க்கவில்லை. நேரே அலுவலகப் பிரிவுக்கு வந்துவிட்டார்.

ஆய்வேடு கொடுக்கிற படிவம் ஒன்று மேசையில் கிடந்தது. பதினொரு கட்டம். பதினொரு கையெழுத்து.

“கூட்டத்தான் செஞ்சாங்க சார். தொடங்கினப்போ மூணுதான்” என்றாள் மரியபுஷ்பம். அந்தப் பிரிவின் எழுத்தர். டீனைவிட இருபது வயது இளையவள். பள்ளியின் பழைய கோப்பெல்லாம் அவள் கையில்தான்.

“எதை எடுக்கலாம்? நீங்களே சொல்லுங்கம்மா.”

“நான் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவ. எனக்கென்ன தெரியும்?”

பெஞ்சைக் காட்டினாள். வாயும் வயிறுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“செண்பகவடிவு. ஆறு வருஷப் படிப்பு. இன்னைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. அப்புறம் பதிவே ரத்து. இதுக்கு மேல படியேற அவளால ஆகாது. நாலு கையெழுத்து வாங்கிட்டா.”

படிவத்தை டீன் கையில் கொடுத்தாள்.

“மீதியை நீங்க வாங்கிட்டு வாங்க சார். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு கேட்டுக்கிட்டே.”

மணி மூன்றரை.

விளையாட்டுத் துறையில் டீனை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“இந்த வயசுல பிஎச்.டி.யா? பரவாயில்லையே!”

“இந்தக் கையெழுத்து எதுக்குங்க?”

“முன்னே ஒருத்தர் கிரிக்கெட் மட்டையோட ஊருக்குப் போயிட்டார்.”

விடுதியில் ஒருவர் கட்டிலைக் கொண்டுபோயிருந்தார். அதற்கொரு கட்டம்.

கணினி மையம் பூட்டிக் கிடந்தது. மையத்தை மூடி மூன்று வருஷமாம். கையெழுத்துப் போடுகிறவர் மட்டும் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்.

தாவரவியல் தோட்டத்துக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சொன்னார்.

“ஒரு ஆராய்ச்சி மாணவர் பலாப்பழத்தைப் பறிச்சிட்டாரு. அன்னையிலிருந்து இந்த வழக்கம்.”

“எந்த மரம்?”

“மரம் பட்டுப்போயி இருபது வருஷம் ஆச்சு சார். பேனா இருக்கா?”

இப்படியே இன்னும் இரண்டு இடம். டீனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முட்டி வலித்தது. பத்து முடிந்தது.

பதினோராவது கட்டத்தில் ‘டீன்’ என்றிருந்தது.

தன் அறையைத் தேடிப் போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே நான்கு பேர் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பியூன் ஸ்டூலை விட்டு எழவில்லை.

“புது டீன் இன்னும் வரலை. நாளைக்கு வாங்க.”

“நான்தான் டீன்.”

“காலையில இவரும் அப்படித்தான் சொன்னாரு” என்று பியூன் பெஞ்சில் ஒருவனைக் காட்டினான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “பதினேழு நாளா டீன் இல்லாம பசங்க வெறுத்துப்போயிட்டாங்க.”

“சரிப்பா. டீன் கையெழுத்து எதுக்கு?”

“மத்த பத்தும் இருக்கான்னு பார்க்க.”

“அதை மரியபுஷ்பம் பார்க்க மாட்டாங்களா?”

“அவங்க பார்த்துட்டுத்தானே இங்கே அனுப்புவாங்க!”

டீன் திரும்பினார். படியில் இரண்டிரண்டாக இறங்கினார்.

செண்பகவடிவு பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தாள். அவள் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை.

“கேட்டீங்களா சார்?” என்றாள் மரியபுஷ்பம்.

“கேட்டேன்.”

“எதை எடுக்கலாம்?”

டீன் பேனாவைத் திறந்தார். பதினோராவது கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். படிவத்தை நீட்டினார்.

மரியபுஷ்பம் பத்தையும் விரல் வைத்து எண்ணினாள். ஆய்வேட்டின் மேல் தேதி முத்திரையைக் குத்தினாள். மணி நாலு ஐம்பத்தெட்டு.

செண்பகவடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

டீன் நாற்காலியில் சாய்ந்தார்.

மரியபுஷ்பம் படிவத்தை மறுபடி அவர் பக்கம் திருப்பினாள். கோட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

“அடிச்ச இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டிருங்க சார்.”