பச்சை விளக்கும் ஒரு துண்டு சீலாவும்

"ஏழு தடவ அனுப்புனேன் மேடம். ஏழு தடவையும் திருப்பிட்டீங்க. அதான் எட்டாவதுக்கு நேர்லயே வந்துட்டேன்" என்றார் பொன்னுலிங்கம்.

எதிரே நின்ற அம்மாளின் கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எனக்கு மீன் கழுவத்தான் தெரியும் தம்பி. ஒங்களுக்குக் கதவத் தொறந்துவிட்டாளே, அவதான் ராபியா. நான் அவ உம்மா."

பொன்னுலிங்கம் அசடு வழிந்தார். கதவைத் திறந்த பெண்ணிடம், "பெரியவங்களக் கூப்பிடும்மா" என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ராபியா எழுதும் பதில் ஒரு வரியைத் தாண்டாது. மெயிலில் மட்டும் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருமே, யாரோ எழுபது வயது சிடுமூஞ்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். அவளுக்கு முப்பத்து மூன்று. பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்தொன்று.

உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் ஓடுகிற ஓர் இயங்குதளம் இருக்கிறது. அதற்குத் தனி முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அதன் அடிப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அங்கே கடிகாரச் சிப்புகளோடு பேசுகிற நிரல்களை, அதாவது கடிகார டிரைவர்களை, காயல்பட்டினத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து ராபியா காவல் காத்துக்கொண்டிருந்தாள். வருவதை வரி வரியாகப் படிப்பாள். சரியாக இருந்தால் சேர்ப்பாள், இல்லாவிட்டால் திருப்புவாள்.

திருப்புவதுதான் அதிகம் என்று பேச்சு.

"மெயில்ல கேட்டிருக்கலாமே அண்ணாச்சி. இதுக்காகக் கோவில்பட்டியிலருந்து பஸ் ஏறி வருவாங்களா?" என்றாள் ராபியா.

"மெயில்ல நீங்க ஒரே வரியத்தானம்மா திருப்பித் திருப்பி எழுதுதீங்க. 'அந்தக் குறியை அழிக்காதீர்கள்.' ஏழு தடவையும் அதே வரி. ஏன் அழிக்கக் கூடாது? அதத் தெரிஞ்சிட்டுப் போகத்தான் வந்தேன்."

மடியில் வைத்தே கொண்டுவந்த பெட்டியை மேசைமேல் வைத்தார். சின்னக் குளிர்பெட்டி. முன்பக்கம் ஒரு திரை, பக்கத்தில் ஒரு விளக்கு.

ராபியா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

பொன்னுலிங்கம் அறையை நோட்டம் விட்டார். சுவர்க் கடிகாரம் ஒன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தொங்கியது.

"ஏம்மா அது அப்படித் தொங்குது?"

"செல் தீந்துபோச்சு."

"புதுசு போடலாம்ல?"

"வாங்கணும். அதுவரைக்கும் அப்படி இருக்கட்டும்."

ஒரு செல் வாங்கிப் போட வக்கில்லாதவளிடம் நம் தலையெழுத்து மாட்டிக்கொண்டதே என்று அவர் மனதுக்குள் நொந்துகொண்டார்.

"பெட்டி என்ன பண்ணும்?" என்று கேட்டாள் ராபியா.

இந்தக் கேள்விக்குப் பொன்னுலிங்கத்திடம் எப்போதும் பதில் தயார்.

"பிள்ளைகளுக்குப் போடுத தடுப்பு மருந்தக் குளிர்ல வச்சிருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவ நேரத்தையும் சூட்டையும் குறிச்சிக்கிடும். எட்டு டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம் தாண்டிட்டா சிவப்பு விளக்கு. அதுக்குள்ள எறங்கிட்டா, சும்மா கதவத் தெறந்து மூடிருக்காங்கன்னு அர்த்தம். பச்சைதான். நர்சம்மா பச்சையப் பார்த்துட்டு ஊசியப் போட வேண்டியதுதான்."

"எங்கல்லாம் இருக்கு?"

"மேக்கு மலையில முப்பது ஊர்ல ஓடுது. சுகாதாரத் துறையில இன்னும் முந்நூறு கேக்காங்க. ஆனா கடிகார டிரைவர் கெர்னல்ல சேர்ந்திருக்கணும்னு கண்டிசன். இந்தத் தடவ சேர்க்கதுக்கு நாளைதானே கடைசி?"

"ஆமா. ஞாயித்துக்கிழமையோட மூடிருவோம். அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சு."

"ரெண்டு மாசம் அவங்க பொறுக்க மாட்டாங்க. ஆர்டர் போச்சுன்னா பட்டறையும் போச்சு. பதினாலு வருசம்மா. நானும் மூணு பேருமாக் கட்டுனது."

சொல்லிவிட்டுப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

ராபியா கம்ப்யூட்டர் திரையில் அவருடைய நிரலைத் திறந்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அதான் நீங்க அழிக்காதேன்னு சொல்லுத குறி. கரண்டும் இல்ல, உள்ள இருக்க பட்டன் செல்லும் தீந்துபோச்சுன்னா சிப்பு நின்னுபோகும். மறுபடி எந்திரிக்கும்போது, நான் நடுவுல நின்னுட்டேன், என் நேரத்த நம்பாதீங்கன்னு ஒரு குறி போட்டு வைக்கும். என் டிரைவர் அத அழிச்சிட்டு, கடைசியாக் குறிச்ச நேரத்துலருந்து கடிகாரத்த ஓட்டிவிட்டுரும்."

"மொதல்லயிருந்தே அப்படியா?"

"இல்லம்மா. மொதல்ல 'நேரம் தெரியவில்லை'ன்னு காட்டிக் கீச்சு கீச்சுன்னு கத்தும். எங்களுக்கு வந்த பட்டன் செல்லு மட்டம், அடிக்கடி தீந்துபோகும். நர்சம்மாக்க போன் போட்டு ஒரே ஏச்சு. போன நவம்பர்ல இந்த வழியக் கண்டுபிடிச்சு முப்பது பெட்டியிலயும் ஏத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு போன் வரலையே."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. இருக்காதா? ஏச்சு வாங்கி அலுத்தவருக்கு அமைதி எவ்வளவு பெரிய விஷயம்.

"பெட்டி இங்க ஓடுமா?"

"ஏன் ஓடாது?"

பிளக்கைச் செருகினார். அரைமணியில் நாலு டிகிரி காட்டியது. பச்சை விளக்கு.

ராபியா படிக்கட்டுப் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள். "உம்மா, சீலா மீன்ல ஒரு துண்டு தாங்க."

"மத்தியானத்துக்கு எண்ணி வச்சிருக்கேன் புள்ள. ஒண்ணும் கெடையாது."

"வந்தவங்களுக்குன்னு வச்ச துண்டத் தாங்க."

உம்மா முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தார். பச்சை மீன் ஒரு துண்டு, பாலித்தீன் பையில். ராபியா அதைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். திரையில் மணி ஒன்பது நாற்பது.

பிளக்கைப் பிடுங்கினாள்.

பிறகு திருப்புளியை எடுத்துப் பின்மூடியைக் கழற்றி, பட்டன் செல்லையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா பண்ணுதீங்க?"

"மலையில இப்படித்தானே ஆகுது?"

"ஆமா, ஆனா..."

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்கவும் தயக்கமாக இருந்தது.

பகல் ஏறியது. உப்புக்காற்று சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"ஒங்க பொறுப்புல எத்தன சிப்புக்கும்மா டிரைவர் இருக்கு?"

"எரநூத்துச் சொச்சம்."

"அத்தனையும் கையில வச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"பாதிக்கு மேல கண்ணாலயே பார்த்ததில்ல."

"அப்புறம் எப்படிச் சேர்க்கீங்க?"

"அனுப்புறவங்க சொல்றத நம்பித்தான்."

"அவங்க தப்பாச் சொன்னா?"

"ஒரு கடிகாரம் தப்பாச் சொன்னா ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "இன்னொரு கடிகாரத்தப் பார்ப்பேன்."

"அதுவும் தப்பாச் சொன்னா?"

"வெயிலப் பார்ப்பேன்."

"மழையா இருந்தா?"

பொன்னுலிங்கம் சிரித்துவிட்டார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. சாப்பாட்டு நேரம் வரைக்கும் அதையே மனதில் புரட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் எல்லார் தட்டிலும் மீன் இருந்தது. அவருக்கு மட்டும் வெறும் குழம்பு.

"ஒங்க துண்டு அந்தப் பெட்டியில கெடக்கு தம்பி. நான் என்ன செய்ய?" என்றார் உம்மா.

பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லி முடிந்தது. ராபியா கீழே போய்த் தொழுதுவிட்டு வந்தாள். பட்டன் செல்லை உள்ளே வைத்து மூடியைத் திருகி, பிளக்கைச் செருகினாள்.

திரை உயிர் பெற்றது. கத்தவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

மணி ஒன்பது நாற்பத்தொன்று. சூடு முப்பது டிகிரி.

பொன்னுலிங்கம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

பெட்டி உறுமிக்கொண்டே குளிர்ந்தது. இருபது டிகிரி, பன்னிரண்டு, ஒன்பது. திரையில் மணி பத்து இருபத்தைந்து ஆனபோது சூடு ஐந்துக்கு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் தாண்டவில்லை. யாரோ கதவைத் திறந்து மூடியிருக்கிறார்கள் என்று பெட்டி எடுத்துக்கொண்டது.

பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

ராபியா கதவைத் திறந்து பையைப் பிரித்தாள். உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். ராபியா மீன் துண்டை ஒரு தட்டில் வைத்துப் பொன்னுலிங்கத்தின் முன்னால் தள்ளினாள்.

"ஒங்க துண்டு. உம்மாவப் பொரிச்சுத் தரச் சொல்லட்டுமா?"

"கெட்டுப்போச்சேம்மா."

"பச்சை எரியுதே அண்ணாச்சி."

அவர் தட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"மருந்து நாறாதும்மா" என்றார் மெதுவாக.

ராபியா கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "அழிக்கிற வரிய எடுத்துட்டு எட்டாவத இப்பவே அனுப்புங்க. பத்து நிமிஷ வேல. நான் இன்னைக்கே சேர்த்துர்றேன். ஆர்டர் போகாது."

பத்து நிமிஷத்தில் பட்டறை பிழைத்துவிடும். அதற்காகத்தான் அவர் பஸ் ஏறியதே.

பொன்னுலிங்கம் கீபோர்டைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். முப்பது ஊரில் முதல் ஊர். நர்ஸ் செல்வமலர்.

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. மாற்றவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அம்மா, பொன்னுலிங்கம் பேசுதேன். குளிர்பெட்டிக்காரன்."

"சொல்லுங்க சார். பெட்டி ரொம்ப நல்லாருக்கு. இப்பல்லாம் கத்துறதே இல்ல."

"அங்க கரண்டு எப்படி?"

"மழைக்கு அடிக்கடி போகும் சார். பொங்கலுக்கு முன்னாடி ஒரு தடவ ரெண்டு நாள் வரவே இல்ல. நாங்கூடப் பயந்துட்டேன். வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தா, பச்சைதான் எரியுது."

பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுல இருக்க மருந்து எதையும் போடாதீங்கம்மா. அடுத்த ஊசி என்னைக்கு?"

"புதன்கிழமை சார். பதினோரு பிள்ளைங்க."

"வேண்டாம். புது மருந்து வரட்டும். பெட்டி தப்புச் சொல்லிருச்சு. பெட்டி மேல குத்தமில்ல, நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன்."

செல்வமலர் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"சார், அப்ப நவம்பர்லருந்து நான் போட்ட பிள்ளைங்க?"

அவர் போனை மேசையோரம் வைத்தார்.

"பெட்டியில நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவாகும்னு நீங்கதானே சொன்னீங்க. எந்தெந்த நாள்ல, எத்தன மணி நேரம் நின்னுச்சுன்னு அதப் பார்த்துச் சொல்லுங்க சார். யார் யாருக்கு மறுபடி போடணும்னு நான் நோட்டப் பார்த்துக்கிடுதேன்."

பொன்னுலிங்கம் மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. திரையில் காலை மணி பத்து முப்பத்திரண்டு.

"சார், லைன்ல இருக்கீங்களா? எத்தன மணி நேரம் சார்?"

"தெரியாதும்மா" என்றார் பொன்னுலிங்கம்.